பாட்டில் எங்கே என்று ஒடே கேட்டார்

கிள்ளான்
3 மார்ச் 2024, ஞாயிறு

அன்பு மகள் வாணிக்கு,

அப்பா எழுதுவது. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. சில எழுத்து பெரிதாக வந்துவிடுகிறது, பக்கத்து எழுத்துக்கு இடம் இல்லாமல் போகிறது. முப்பத்தாறு வருஷம் எஸ்டேட்டில் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டிய கை. பேனாவைப் பிடித்தால் வெட்டுக் கம்பைப் பிடிப்பதுபோல் இறுக்கிவிடுகிறது. பேப்பர் இரண்டு இடத்தில் கிழிந்திருக்கும். எலி இல்லை, நான்தான்.

ஆமாம், நானே எழுதுகிறேன். யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் இராஜம்மா டீச்சர் பெரியவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார். புதனும் சனியும். ஏழு மாதமாகக் கொமுட்டர் ரயில் ஏறிப் போகிறேன். ஒன்பது பேரில் நான்தான் மூத்தவன், எழுபத்து நான்கு. ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. இப்போது ரயிலை விட்டு இறங்கியதும் ஒவ்வொரு கடைப் பலகையின் முன்னாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். இட்லி மாவு கிடைக்கும். மாலை கட்டித் தரப்படும். இத்தனை வருஷமாக இவர்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களா என்று இருக்கிறது. போன வாரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சுவரில் இருந்ததை முழுக்கப் படித்துவிட்டு, "தம்பி, சேமியா பாயசம் வெள்ளிக்கிழமை மட்டும்தானா?" என்று கேட்டேன். "நான் பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் போட்டிருக்கு அங்கிள்" என்றான்.

யாருக்காவது கடிதம் எழுதி வாருங்கள் என்றார் டீச்சர். ஒருவர் சாலையில் இருக்கும் குழியைப் பற்றி நகராட்சிக்கு எழுதினார். ஓர் அம்மாள் இறந்துபோன தங்கைக்கு எழுதினார். நான் உனக்கு எழுதுகிறேன். டீச்சர் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். படம் பிடிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். அதனால் ஓரம் வெட்டுப்பட்டால் என் தப்பு இல்லை.

போனில் பேசலாமே என்பாய். நாம் போனில் பேசுகிற அழகு உனக்கே தெரியும். உன் அம்மா போனபோது பேசியதுதான் கடைசி. இரண்டு நிமிஷத்தில் சண்டை. எழுத்தில் அப்படி இல்லை. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போகிறது.

பழைய பேச்சு வேண்டாம். நீ அங்கே போய் எட்டு வருஷம் ஆகிறது. நைஜீரியாவை டீச்சர் வரைபடத்தில் காட்டினார். கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடுகிறது. அங்கே என்ன மண்? என்ன நடுகிறார்கள்? அந்தப் பையன் வீட்டுக்கு நிலம் உண்டா? இதை மட்டும் எழுது.

அப்பா
தம்புசாமி


எகுமே
10 மார்ச் 2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மூன்று தரம் பார்த்தேன். முதல் தரம் படிக்கவே இல்லை, எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் பேப்பரில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அந்தப் பையனுக்குப் பெயர் இருக்கிறது. பெனடிக்ட்.

மண்ணைக் கேட்டீர்கள். எங்கள் வட்டாரத்தில் மேலே சாம்பல், ஒரு முழம் தோண்டினால் சிவப்பு. இங்கே பயிர் என்றால் அது யாம் கிழங்குதான். நம் பெருவள்ளிக்கிழங்குக்குப் பெரியண்ணன். நல்ல கிழங்கு ஒன்று உங்கள் முழங்காலிலிருந்து பாதம் வரை நீளம் இருக்கும். மழை வருவதற்கு முன்னால் ஆண்கள் குட்டை மண்வெட்டியால் மண்ணைக் கூட்டி இடுப்பளவு மேடு மேடாகக் குவிக்கிறார்கள். ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் ஒரு கிழங்குத் துண்டு. உச்சியில் காய்ந்த புல்லால் ஒரு தொப்பி வைப்பார்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் துண்டு வெயிலில் வெந்துவிடும். காலையில் பனி இருக்கும்போது பார்த்தால், தொப்பி போட்டுக்கொண்டு ஓர் ஊரே உட்கார்ந்து எதற்காகவோ காத்திருப்பது போலத் தெரியும்.

கிழங்கு ஆண்களின் பயிர். மேட்டின் சரிவில் பெண்கள் வெண்டை, சோளம், தர்ப்பூசணிபோல் ஒரு கொடி எல்லாம் போடுகிறார்கள். எனக்கு ஒரு மரவள்ளி அரைக்கும் மெஷின் இருக்கிறது. ஆறு மணிக்கே பெண்கள் கூடையோடு வந்து வாசலில் நிற்பார்கள். அதில்தான் எங்கள் வீடு ஓடுகிறது.

நிலம் உண்டா என்றால், பெனடிக்டின் வீட்டுக்கு உண்டு. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் பேத்திக்கு ஆகஸ்டில் ஏழு வயது முடிகிறது. நீங்கள் கேட்கவில்லை.

வாணி


கிள்ளான்
24 மார்ச் 2024

அன்பு மகள் வாணிக்கு,

பெனடிக்ட். பெனடிக்ட். பெனடிக்ட். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். டீச்சர் பார்த்துவிட்டு, "யாரு சார் இவரு, சாமியா?" என்றார். "மருமகன்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தது வந்ததாகவே இருக்கட்டும்.

பேத்தியைக் கேட்காதது தப்பு. கேட்க வேண்டும் என்று நான்கு நாள் நினைத்தேன். என்ன பெயரிட்டுக் கேட்பது என்று தெரியவில்லை. உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், எனக்கு அவள் சொன்னதில்லை, நான் சொல்லவிட்டதும் இல்லை.

உன் மண்மேடுகள் என் தூக்கத்தில் வந்துவிட்டன. நான் தோளில் வெட்டுக் கம்பை வைத்துக்கொண்டு அவற்றுக்கு நடுவில் போகிறேன். எல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு மெதுவாக மூச்சு விடுகின்றன. எழுப்பிவிடக் கூடாதே என்று கால் விரலை ஊன்றி நடக்கிறேன். எவ்வளவு நடந்தும் முடியவில்லை. பயமாக இல்லை, சுகமாக இருந்தது. விழித்துப் பார்த்தால் நான்காவது மாடி, வெளியே போர்ட்டுக்குப் போகும் லோரிகளின் சத்தம்.

அந்த வீட்டுக்கு நிலம் உண்டு என்றாய், எனக்கு இது ஆச்சரியம். எங்கள் எஸ்டேட்டில் ஓர் அங்குலம் எங்களுடையது இல்லை. குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நான்கு கத்தரி வைத்தாலும் கணக்கெழுதும் கிராணி வந்து யாரைக் கேட்டு வைத்தாய் என்பார். சொந்த மண்ணில் கிழங்கு நடுகிற ஊரில் நீ இருக்கிறாய்.

பாசாரில் கிழங்கு விற்கும் கடையில் யாம் கேட்டேன். ஓர் ஆன்டி சேம்பைக் காட்டி, "இதான்லா அங்கிள், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றது. நீ சொன்ன நீளம் இல்லை, வாங்கவில்லை.

அங்கே செம்பனை உண்டா? என் பேத்தியின் பெயர் என்ன?

அப்பா


எகுமே
7 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று முதல் மழை. மேடுகளில் புல் தொப்பிகள் நனைந்து கறுத்துவிட்டன.

செம்பனை உண்டா என்று கேட்டுவிட்டீர்கள். படித்து நானும் பெனடிக்டும் சிரித்தோம். அந்த மரம் பிறந்ததே இந்தப் பக்கம்தான் அப்பா. இங்கிருந்துதான் மலாயாவுக்கு வந்தது. இங்கே யாரும் வரிசை பிடித்து நடவில்லை, காட்டில் தானாக நிற்கிறது. பெனடிக்டின் பெரியப்பா ஒடே எழுபது வயதில் இடுப்பில் ஒரு கயிற்று வளையத்தை மாட்டிக்கொண்டு ஏறிப்போய் வெட்டுகிறார். கம்பில் கத்தியைக் கட்டிக் கீழே நின்றபடியே வெட்டுவீர்கள் என்று சொன்னதும், "உன் அப்பா சோம்பேறியா, கெட்டிக்காரரா?" என்று கேட்டார்.

இந்த ஊர் எப்படி வந்தது என்று ஒடே சொல்வதை எழுதுகிறேன். வடக்கே ஒரு மலையடியில் சண்டை. அங்கிருந்து ஒரு பெண் கிளம்பினாள். முதுகில் ஒரு பிள்ளை, பிள்ளைக்குப் பக்கத்தில் ஈர இலையில் சுற்றிய ஒரு கிழங்கின் தலை. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒவ்வொரு சாயங்காலமும் இலையைப் பிரித்துப் பார்ப்பாள். முளை வரவில்லை என்றால் மறுநாளும் நடை. ஓர் ஓடை வளைகிற இடத்தில் பிரித்தபோது முளை வந்திருந்தது. அங்கேயே நின்றார்கள். கிழங்கை ஐந்தாக வெட்டினார்கள். ஐந்து துண்டு, ஐந்து ஊர். எங்களுடையது நடுத்துண்டு.

ஏழு வயதில் ஒரு பிள்ளைக்கு அந்த வழியில் வந்த கிழங்கின் ஒரு துண்டைக் கொடுப்பார்கள். ஆகஸ்டில் புதுக் கிழங்கு சாப்பிடும் நாளில் அது பெரியவர்களோடு வரிசையில் உட்காரும். அன்றுதான் அதற்கு ஊர்ப்பெயர். அன்றிலிருந்து அது நிலத்தின் பிள்ளை, ஒரு மேடு அதற்குச் சொந்தம். அதற்கு முன்னால் அது அம்மாவின் பிள்ளை.

என் பெண்ணைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அவளுக்கு வரிசையில் இடம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். காரணம் அந்தப் பாட்டில்.

பழைய பேச்சு வேண்டாம் என்றீர்கள். ஆனால் நீங்கள் நிலத்தைக் கேட்டீர்கள், நிலம் அங்கேதான் போய் முட்டுகிறது. பெனடிக்ட் நம் வீட்டுக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளை அங்கி. ஊரிலிருந்து வந்த நண்பரிடம் சொல்லி வரவழைத்து, செய்தித்தாளில் சுற்றி இரண்டு வாரம் பத்திரமாக வைத்திருந்த பாட்டில். அதை இரண்டு கையாலும் தரையில் வைத்தார். "என்னா இது?" என்று கேட்டீர்கள். நான்தான் "கள்ளுப்பா" என்றேன். உங்கள் முகம் மாறியது. "பொண்ணு கேக்க வர்றவன் பூவும் பழமும் கொண்டு வருவான். இவன் கள்ளு கொண்டு வந்திருக்கான். என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?" என்றீர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் வாசல் பக்கம் நீட்டிய கை புரிந்தது. மறுநாள் பாட்டிலைக் கேட்டேன். "லோங்காங்ல ஊத்திட்டேன்" என்றீர்கள். பதினைந்தாம் நாள் நான் கிளம்பிவிட்டேன்.

இங்கே பெண் கேட்பது அப்படித்தான் அப்பா. கள்ளைக் கொண்டுபோய் வைப்பார்கள். பெண்ணின் அப்பா அதை ஏற்றுக்கொண்டால் சரி, அல்லது அவருக்கு மூத்தவர்கள் ஏற்றுக்கொண்டால் சரி. பெனடிக்ட் உங்களுக்கு அதற்கு மேல் மரியாதை செய்ய வழியே கிடையாது. நான் வந்ததும் பெரியவர்கள் கூடி, உன் அப்பா கள்ளை என்ன செய்தார் என்று கேட்டார்கள். குடித்தார் என்று சொல்லிவிடு என்று பெனடிக்ட் கெஞ்சினார். நான் சாக்கடையில் ஊற்றினார் என்று உள்ளதைச் சொன்னேன். உங்களிடம் வளர்ந்தவள், பொய் வரவில்லை.

ஆகவே இந்த ஊர்க் கணக்கில் நான் இன்னும் விருந்தாளி. என் பெண் உங்கள் வீட்டுப் பிள்ளை. உங்களைக் குடிக்கச் சொல்லவில்லை. எதையும் கேட்கவில்லை. நிலம் உண்டா என்றீர்கள், பதில் இவ்வளவுதான்.

வாணி


கிள்ளான்
14 ஏப்ரல் 2024

அன்பு மகள் வாணிக்கு,

இன்று சித்திரைப் புத்தாண்டு. கோயிலுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் வடை கொடுத்தார்கள். நல்ல மழை. கை வலிக்கிறது, அதனால் நீளமாக எழுத முடியாது.

ஒன்று மட்டும். என் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொன்னதில்லை. எஸ்டேட்டில் கள்ளுக்கடை ஒன்று இருந்தது. தென்னங்கள்ளு. துரைமார்களே வைத்துக் கொடுத்தது. சம்பள நாள் அன்று அவர் நேராக அங்கே போவார். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது அதனால்தான். எட்டு வயதில் புல் வெட்டப் போனேன். ஒரு நாள் அவர் வாய்க்காலில் விழுந்து கிடந்தார். தூக்கியது நான். அவர் எழுந்திருக்கவில்லை. முனியாண்டி முன்னால் கற்பூரத்தை அணைத்து, இது என் வாயில் படாது என்று சத்தியம் செய்தேன். பதின்மூன்று வயது.

உன் பெனடிக்ட் அந்தப் பாட்டிலைச் சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்ததும் வாசம் வந்தது. அது என் அப்பாவின் சட்டை வாசம். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் என் வீட்டுக் கூடத்தில்.

செம்பனை அங்கே பிறந்த மரம் என்று எழுதியிருந்தாய். என் மருமகன் ஊர்ச் சொத்தையா நான் முப்பத்தாறு வருஷம் வெட்டினேன். ஒடே அண்ணனிடம் சொல், நான் சோம்பேறி இல்லை. அந்த மரத்தில் ஏறினால் முள் தொடையைக் கிழித்துவிடும்.

கை வலிக்கிறது.

அப்பா


எகுமே
5 மே 2024

அன்புள்ள அப்பா,

தாத்தாவைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று கள்ளு என்று சொல்லியிருக்க மாட்டேன், வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பெனடிக்டிடம் உங்கள் கடிதத்தைச் சொன்னேன். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நான் அவருடைய அப்பாவின் சாவைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்திருக்கிறேன்" என்றார். உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்துத்தான் பதில் எழுதுகிறேன். கை வலி தேவலையா?

ஒடே பெரியப்பாவிடமும் சொன்னேன். அவர் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "பாட்டில் எங்கே?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். வேண்டாம் என்கிறவன் பாட்டிலை அப்படியே திருப்பி அனுப்புவான். அல்லது ஊர் எல்லையில் போட்டு உடைப்பான். இரண்டில் ஒன்று. "உன் அப்பா திருப்பியும் அனுப்பவில்லை, உடைத்தார் என்றும் நீ சொல்லவில்லை. கள்ளை ஊற்றினார் சரி, பாட்டில் எங்கே? அது தெரியாமல் நாங்கள்தான் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டோமோ?"

எனக்கும் தெரியாது அப்பா. அந்தப் பதினைந்து நாளில் வீட்டில் நான் அதைப் பார்க்கவில்லை. குப்பையில் போட்டீர்களா?

மெஷின் கொட்டகைக்குப் பின்னால் பாப்பா தானாகவே ஒரு சின்ன மேடு குவித்து, உச்சியில் புல் தொப்பியும் வைத்திருக்கிறாள். உள்ளே என்ன நட்டாய் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லை. இடம் பிடிச்சு வைக்கிறேன்" என்றாள்.

புதுக் கிழங்கு நாள் ஆகஸ்ட் 17.

வாணி


கிள்ளான்
12 மே 2024

அன்பு மகள் வாணிக்கு,

கை வலி இல்லை. அது பொய். நான் சொன்ன பொய் இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கடிதம் எழுத ஆறு நாள் ஆயிற்று.

பாட்டில் எங்கே என்று ஒடே அண்ணன் கேட்டார். எனக்கு முன்னால் இருக்கிறது. சாமி விளக்குக்குப் பக்கத்தில். எட்டு வருஷமாக அதில்தான் நல்லெண்ணெய் இருக்கிறது. தினமும் சாயங்காலம் உன் அம்மா படத்துக்கு முன்னால் விளக்கேற்ற அதிலிருந்துதான் ஊற்றுகிறேன்.

நடந்ததை எழுதுகிறேன். நீ அன்று இரவு வேலைக்குப் போய்விட்டாய். நான் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றத்தான் எடுக்கச் சொன்னேன். உன் அம்மா வீரம்மா விடவில்லை. "வீடு தேடி ஒருத்தன் ரெண்டு கையால வெச்சிட்டுப் போயிருக்கான். நமக்கு ஆகாதுன்னா ஆகுறவருக்குக் குடுப்போம். முனியாண்டிக்கு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். நான் அதைத் தொட மாட்டேன் என்றேன். "நீங்க வண்டிய ஓட்டுங்க, நான் மடியில வெச்சுக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் பழைய எஸ்டேட்டுக்குப் போனோம். லயம் எல்லாம் இடித்து வெகுநாள் ஆகிவிட்டது. செம்பனைக்கு நடுவில் முனியாண்டி கல்லும் வேலும் மட்டும் அப்படியே நிற்கின்றன. வீரம்மா சுருட்டு வைத்தாள், எலுமிச்சம்பழம் வைத்தாள். பிறகு கல்லைப் பார்த்துப் பேசினாள். "எங்க பொண்ணைக் கேட்டு வந்த கள்ளு இது. எங்க வீட்டு ஆம்பளைக்கு உன் முன்னால சத்தியம் இருக்கு, குடிக்க மாட்டாரு. அதனால நீ குடி. குடிச்சிட்டு நல்ல பதிலாச் சொல்லு" என்றாள். பேரம் பேசுகிறவள் மாதிரி.

ஆனால் அவளால் மூடியைத் திறக்க முடியவில்லை. முறுக்கி முறுக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வாங்கித் திறந்தேன். நாள்பட்ட கள் இல்லையா, பொங்கி என் கை முழுக்க வழிந்தது. அதை நான்தான் கல்லின் அடியில் ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. ஈரம்கூட நிற்கவில்லை. மேலே காற்று இல்லாமலே ஒரு மட்டை ஆடியது. கையைத் துடைக்கவே இல்லை, அப்படியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். வீரம்மா பாட்டிலைக் கழுவிக் காய வைத்தாள். அடுத்த வாரம் எண்ணெய் ஊற்றினாள். நீ அதைப் பார்த்திருப்பாய், எண்ணெய்ப் பாட்டில் என்று நினைத்திருப்பாய்.

நீ கேட்டபோது லோங்காங் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எட்டு வருஷமாக யோசிக்கிறேன். இளகிவிட்டேன் என்று உனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். வீரம்மா உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உங்க வாயால நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அது என் பேச்சாத்தான் இருக்கும்" என்றாள். காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கடைசியாகப் பேசியபோதுகூட, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்று அவளிடமும் பொய் சொன்னேன்.

அவள் போன பிறகு உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. போனில் வாய் வரவில்லை. யாரையாவது எழுதித் தரச் சொல்லலாம். ஆனால் இதை இன்னொருவர் கையில் எப்படிக் கொடுப்பது? அதற்காகத்தான் எழுத்துப் படிக்கப் போனேன் வாணி. பாயசம் எந்த நாள் என்று பார்க்க இல்லை.

இன்று படம் பிடிக்கும்போது டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். படித்தாலும் பரவாயில்லை.

அப்பா


எகுமே
2 ஜூன் 2024

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மெஷினை நிறுத்தினேன். பெண்கள் எல்லாரும் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்ன என்று பார்த்தார்கள். அம்மா போய் மூன்று வருஷம் கழித்து அம்மாவின் குரலைக் கேட்டேன். பேரம் பேசுகிறவள் மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், அப்படித்தான் பேசுவாள்.

அந்த எண்ணெய்ப் பாட்டிலிலிருந்து நானே தோசைக்கு ஊற்றியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் ஐந்து பேர் மாமரத்தடியில் கூடினார்கள். நான் உங்கள் வரியைப் படித்து ஆங்கிலத்தில் சொன்னேன், பெனடிக்ட் அதை இங்கத்திய மொழியில் சொன்னார். அதனால் ஒவ்வொரு வரியும் மூன்று தரம் வந்தது. முனியாண்டி யார் என்று கேட்டார்கள். எல்லையில் நிற்கிறவர், எங்கள் தாத்தாவுக்கும் மூத்தவர், கள்ளும் சுருட்டும் கேட்பார் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்படி ஒருவர் இவர்களிடமும் இருக்கிறார், ஓடை வளைவில்.

ஒருவர் மட்டும், "கல்லுக்கு ஊற்றியது எப்படிக் கணக்காகும்?" என்று முணுமுணுத்தார். ஒடே பெரியப்பா கையைத் தூக்கினார். "மூடியைத் திறந்தது யார்?" என்று என்னிடம் கேட்டார். அப்பா என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் அப்பா என்றேன். "பெண்ணின் அப்பா திறந்தார். அவருக்கு மூத்தவர் குடித்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்? எட்டு வருஷமாக இந்தப் பெண் இந்த ஊர் மருமகள். நமக்குத்தான் தகவல் வரவில்லை" என்றார். பிறகு, "அந்த முனியாண்டியும் போதையில் சொல்ல மறந்துவிட்டார் போல" என்றதும் முணுமுணுத்தவரே சிரித்துவிட்டார்.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது அப்பா. குடித்து முடித்த பாட்டில் வெறுமையாகத் திரும்பி வர வேண்டும். திறந்தவர் கையாலேயே வர வேண்டும். பாப்பா உட்காரும்போது அவளுக்கு முன்னால் அதைத்தான் வைப்பார்கள். தபாலில் அனுப்பலாமா என்று கேட்டேன். "தபால்காரரா திறந்தார்?" என்றார் ஒடே.

உங்களுக்கு எழுபத்து நான்கு வயது. விமானத்தில் ஏறியதில்லை. இங்கே அடிக்கடி கரண்ட் போகும், சாலை மோசம். எதையும் கேட்கவில்லை என்று ஏப்ரலில் எழுதினேன். இப்போது கேட்கிறேன். வருவீர்களா?

வாணி


கிள்ளான்
4 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் வாணிக்கு,

எழுத்து இன்னும் கோணல்தான், ஆனால் பேப்பர் கிழியவில்லை, கவனித்தாயா?

வருகிறேன் என்று அப்போதே ஒரு வரி அனுப்பினேன், இப்போது பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. எங்கே கையெழுத்து என்று கேட்டதற்கு அங்கே இருந்த மலாய்ப் பெண், "பாக்சிக், கைநாட்டு வேணுமா?" என்று மையைத் தள்ளினாள். வேண்டாம் என்று பேனாவைக் கேட்டு வாங்கினேன். தம்புசாமி என்று முழுதாக எழுதினேன். கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இன்னொரு தாள் தந்தாள், அதிலும் போனது. மூன்றாவதில் அடங்கியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நீ அனுப்பிய அழைப்புக் கடிதத்தை வைத்து விசாவும் கிடைத்துவிட்டது. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டாயிற்று.

பாட்டிலை நேற்றுப் புளியும் சாம்பலும் போட்டுக் கழுவினேன். நான்கு தரம் கழுவியும் எண்ணெய் வாசம் போகவில்லை. எட்டு வருஷ வாசம். உன் அம்மாவுடையது என்று ஒடே அண்ணனிடம் சொல்லிக்கொள்கிறேன், வெறும் பாட்டில்தான், ஆனால் சுத்தமாக வெறுமையும் இல்லை. விளக்கு எண்ணெய்க்கு இப்போதைக்கு ஒரு பிளாஸ்டிக் குவளை.

போன வெள்ளிக்கிழமை முனியாண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பக்கத்துச் செம்பனையை எல்லாம் மறுநடவுக்காகச் சாய்த்துவிட்டார்கள். நான் வெட்டிய மரங்கள். வெட்டவெளியில் கல் மட்டும் நிற்கிறது. இவ்வளவு வெளிச்சத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. உங்கள் மரம் பிறந்த ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். சுருட்டு வைத்தேன். நல்ல பதிலாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள், எனக்குத்தான் காது கேட்கவில்லை என்றும் சொன்னேன்.

டீச்சர் ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் என் பெயரையும் உன் முகவரியையும் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். அதன் பின்பக்கத்தில் நான் அதையே தமிழில் எழுதியிருக்கிறேன். நான் தொலைந்தால் எனக்கும் தெரிய வேண்டும் இல்லையா.

ஒரு மாதமாக அந்தக் கனவு தினமும் வருகிறது. மேடுகள் எல்லாம் கொடி விட்டுவிட்டன. தொப்பிகளைக் காணோம். வரிசையின் கடைசியில் ஒரே ஒரு சின்ன மேடு மட்டும் இன்னும் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பாப்பாவிடம் சொல், தாத்தா வரும்வரை அந்த இடத்தை விட்டுவிடாமல் பிடித்தே வைத்திருக்கட்டும். உள்ளே வைக்க வேண்டிய கிழங்குத் துண்டு வரிசையில் உட்காரும்போது கிடைக்கும்.

விமானம் 13ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. அடுத்த வாரமும் உனக்குக் கடிதம் எழுதுவேன், விடமாட்டேன். மேகத்துக்கு மேலே உட்கார்ந்து எழுதப் போகிறேன், வரி எப்படிப் போகுமோ தெரியாது. அதை மட்டும் டீச்சர் படம் பிடிக்க வேண்டாம். நானே கொண்டு வந்து உன் கையில் தருகிறேன். என் எதிரிலேயே நின்று படி.

அப்பா
தம்புசாமி